மெஹபூப் கான்

ஒருவரை நேரிற் கண்டு, உடன் உண்டு, உடன் உறைந்து அறிதல் ஒரு வகை. பிறர் தீட்டிய சித்திரத்தின் வாயிலாக அறிதல் மற்றொரு வகை. முன்னாளில் இத்தகைய சித்திரங்களைத் தீட்டினோர் புலவரும் கூத்தருமாவர். இந்நாளிலோ அவ்வதிகாரம் பெரும்பாலும் சினிமாவின் கையிற் சென்று சேர்ந்துள்ளது. நாம் ஒருபோதும் மிதித்தறியாத ஊர்களையும், நுழைந்தறியாத இல்லங்களையும், பழகியறியாத மக்களையும் அதுவே நமக்குக் காட்டித் தருகின்றது. காட்டுவோர் நேர்மையுடையராயின் அறிவு விளையும். அன்றேல் பகை விளையும்.

சென்னையினின்று மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் நாவலூர் என்பதோர் ஊர் உளது. ஒரு தலைமுறைக்கு முன்னர் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராய் இருந்த அது, இன்று கண்ணாடிச் சுவர்களையுடைய கம்பெனிக் கட்டிடங்களும், வட நாட்டினின்று வேலை தேடி வந்த இளைஞர்களும் நிறைந்த பேரூராய் விளங்குகின்றது. அங்குள்ள படமாளிகையில் தமிழ்ப் படங்களோடு ஹிந்திப் படங்களும் காட்டப்பெறுகின்றன. அங்கிருந்து தென்கிழக்கே சில மைல் சென்றால் கோவளம். தமீம் அன்சாரி அவர்களின் தர்காவும், மாதா கோயிலும், கடற்றொழில் செய்வோர் குடியிருப்புக்களும் உள்ள பழைய துறைமுகம் அது. அங்கு வாழும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இக்கரையில் வாழ்பவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில், கோவளத்தைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவருடன் யான் நாவலூரில் ஒரு ஹிந்திப் படம் பார்க்கச் சென்றிருந்தேன். அதில் வந்த முஸ்லிம் பாத்திரங்கள் யாவரும் கண்ணில் மை தீட்டி, இருண்ட அறைகளில் அமர்ந்து, சூழ்ச்சி செய்பவராகவே காட்டப்பட்டனர். இறைவனைத் தொழுதலுங்கூடக் கொலைக்கு முன்னுரை போலக் காட்டப்பட்டது. கூட்டத்தினர் ஆரவாரித்தனர். படம் முடிந்து திரும்பும் வழியெல்லாம் நண்பர் ஒரு சொல்லும் பேசினாரல்லர். பிரியும் தருணத்தில், மறுநாள் தம் இல்லம் வந்து உணவருந்திச் செல்ல வேண்டுமென்று மட்டும் என்னை அழைத்தார். அவ்வழைப்பின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னர் ஹிந்தி சினிமாவின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோது, இதே அழைப்பை எண்பது ஆண்டுகட்கு முன்னரே நாடு முழுவதற்கும் விடுத்த ஒருவரைக் கண்டேன். அவரே மெஹபூப் கான். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

மெஹபூப் கான் 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் நாள், பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த பிலிமோராவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியும் வாய்க்கவில்லை. பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவர்கள் பாடம் நெட்டுருச் செய்யும் பருவத்தில் அவர் உள்ளமெல்லாம் ஊமைப் படங்களில் ஒன்றியிருந்தது. நடிகனாக வேண்டுமென்னும் பேராசையால் வீட்டை விட்டுப் பம்பாய்க்கு ஓடினார். குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் தொழிலில் தொடங்கி, படக் கம்பெனிகளின் வாயிலில் காத்துக் கிடந்து, இறுதியில் இம்பீரியல் பிலிம் கம்பெனியில் கூட்டத்தோடு நிற்கும் துணை நடிகருள் ஒருவராக அமர்ந்தார். 1927-இல் வெளிவந்த அலிபாபா கதைப் படத்தில், சாடிகளுள் ஒளிந்திருக்கும் நாற்பது திருடருள் ஒருவராக அவர் தோன்றினார். பிற்காலத்தில் நாடே போற்றிய கலைஞரின் முதல் மேடை ஒரு சாடியின் உட்புறமாயிருந்தது.

1931-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் பேசும் படமாகிய ஆலம் ஆரா எடுக்கப்பெற்ற காலத்தில், அதன் கதாநாயகன் வேடத்துக்கு மெஹபூபின் பெயரும் ஆராயப்பட்டது. எனினும், புகழ் பெற்ற நடிகரே வேண்டுமென்று கருதி அவ்வேடத்தை மாஸ்டர் விட்டலுக்கு அளித்தனர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போயிற்று. மற்றொருவராயின் மனமுடைந்து ஊர் திரும்பியிருப்பர். மெஹபூபோ சாகர் மூவிடோன் கம்பெனியில் சிறு வேடங்களைத் தாங்கிக்கொண்டே, காமெரா நிற்கும் இடத்தையும் விளக்கு விழும் கோணத்தையும் கவனித்துத் தொழில் கற்றார். 1935-இல் அக்கம்பெனியார் அவருக்கு ஒரு படத்தை இயக்கும் பொறுப்பை அளித்தனர். ரோமானியருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிகழும் போரைக் கூறும் அல்லாவின் தீர்ப்பு என்னும் கதை அது. அன்று முதல் அவர் டைரக்டர் மெஹபூப் ஆனார்.

அக்காலத்து ஹிந்திப் படங்களில் முஸ்லிம்கள் எவ்வாறு தோன்றினர் என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் அவர்கள் முடி புனைந்தே தோன்றினர். பாதுஷா, ஷாஜாதா, பேகம், அந்தப்புரம், நீதி மணி இவையே முஸ்லிம் வாழ்வின் அடையாளங்கள். 1939-இல் ஸோராப் மோடி என்னும் பார்ஸி கலைஞர் எடுத்த புகார் என்ற படம், சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் நடுவுநிலைமையைச் சிறப்பித்துப் பெரும் புகழ் எய்திற்று. அத்தகைய படங்களால் முஸ்லிம்கள் இகழப்பட்டாரல்லர். ஆயினும் அவற்றில் காணும் அரசர் அண்டை வீட்டுக்காரர் ஆதல் யாங்ஙனம்? 1941-இல் வி. சாந்தாராம் எடுத்த படோஸி, அதாவது அயலார் என்ற படம், இக்குறையை ஒரு பக்கம் நீக்கிற்று. ஒரு கிராமத்தில் நட்புடன் வாழும் இரு முதியோருள் ஒருவர் ஹிந்து, மற்றவர் முஸ்லிம். ஹிந்து முதியவராக மஜர் கான் என்னும் முஸ்லிமும், முஸ்லிம் முதியவராக கஜானன் ஜாகீர்தார் என்னும் ஹிந்துவும் நடித்தனர்.

மெஹபூப் இதனினும் ஒரு படி மேற்சென்றார். 1940-இல் ஒளரத், 1941-இல் பஹேன், 1942-இல் ரோட்டி முதலிய படங்களால் புகழும் பொருளும் பெற்றபின், தம் பெயரால் சொந்தக் கம்பெனி ஒன்றை நிறுவினார். அக்கம்பெனியின் இலச்சினை அரிவாளும் சம்மட்டியும். அதன்மீது ஒலிக்கும் உருதுச் செய்யுளின் கருத்தோ, எத்தனை பகைவர் தீங்கு நினைப்பினும் இறைவன் திருவுளப்படியே யாவும் நிகழும் என்பது. உழைப்பாளிகளின் சின்னத்தையும் இறைநம்பிக்கையையும் ஒரே சட்டத்தில் அமைத்த இதனை இருசாராரும் வியந்தனர், சிலர் நகைத்தனர். தொழுகையை முறையே நிறைவேற்றும் பக்தராகிய அவருக்கு இவ்விரண்டினிடையே முரண்பாடு தோன்றவில்லை. உழுபவனும் தொழுபவனும் ஒருவனே என்பது அவர் கொள்கை.

1943-இல் வெளிவந்த நஜ்மா, முஸ்லிம் சமூகப் படம் என்று பின்னர் வழங்கப்பெற்ற வகைக்கு வழிகாட்டிய படங்களுள் தலையாயது. கதை நிகழும் இடம் லக்னோ நகரம். அரசரில்லை, போரில்லை. யூஸுப் என்னும் வைத்திய மாணவன் நஜ்மா என்னும் பெண்ணைக் காதலிக்கின்றான். தந்தையாரின் ஆணையால் அவன் ரஸியா என்னும் வேறொருத்தியை மணக்க நேர்கின்றது. நஜ்மாவும் ஒரு நவாபுக்கு வாழ்க்கைப்படுகின்றாள். ஐயத்தால் அலைப்புண்ட அந்நவாபு விபத்துக்குள்ளாகியபோது, அவன் உயிரைச் சத்திர சிகிச்சையாற் காப்பாற்றும் கடமை யூஸுபின் கையில் வந்து விழுகின்றது. கடமை வெல்கின்றது.

இக்கதையில் அதிசயம் யாது? ஒன்றுமில்லை என்பதே அதன் சிறப்பு. தந்தை சொல்லுக்கும் தன் விருப்பத்துக்கும் இடையே மகன் துன்புறுதல், பொருந்தா மணம், கணவனின் ஐயம், மருத்துவனின் கடமை ஆகிய இவை எந்த மதத்தாருக்கு இல்லை? பர்தாவுக்கு அப்பால் என்ன நிகழ்கின்றதோ என்று வியந்திருந்த பிற மதத்தார், அதனை விலக்கிப் பார்த்தபோது தம் வீட்டையே கண்டனர். யூஸுபாக நடித்தவர் வங்காளத்து ஹிந்துவாகிய அசோக் குமார். நஜ்மாவாக வீணாவும், ரஸியாவாக ஸிதாரா தேவியும் நடித்தனர்.

இங்கு மற்றொரு செய்தி கூறாதிருத்தல் இயலாது. நஜ்மா வெளிவந்த மறு ஆண்டாகிய 1944-இல், பெஷாவரில் பிறந்த யூஸுப் கான் என்னும் இளைஞர் திரையில் முதன்முதல் தோன்றினார். அவருக்கு இடப்பட்ட பெயர் திலீப் குமார். மும்தாஜ் ஜெஹான் மதுபாலாவாகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும் புகழ் பெற்றனர். பொய் யூஸுபைக் கண்டு கண்ணீர் வடித்த மக்கள், மெய் யூஸுபை வேறு பெயரால் அன்றோ அறிந்தனர்! முஸ்லிம் கதையை மக்கள் விரும்பினர். ஆயினும் முஸ்லிம் பெயரையுடைய கதாநாயகனை அனைவரும் ஏற்பரோ என்னும் ஐயம் பட முதலாளிகளுக்கு இருந்தது. மெஹபூப் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் திரைக்கு முன்னே நிற்பவரல்லர், பின்னே நிற்பவர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1945-இல் அவர் ஹுமாயூன் என்ற சரித்திரப் படத்தை எடுத்தார். தோல்வியுற்ற ராஜபுத்திர குலத்து இளவரசியை பாபர் தம் மகளாக ஏற்பதும், ஹுமாயூன் அவளைத் தங்கையாகப் போற்றுவதும், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மணாளன் பழிவாங்கத் துடிப்பதும் அதன் கதை. சரித்திரத்தைக் கற்றோர் இதிற் குறை காண்பர். சரித்திரம் கற்பிப்பது மெஹபூபின் நோக்கமன்று. நாட்டைப் பிரிக்கும் பேச்சு வலுத்துக்கொண்டிருந்த வேளையில், வந்தவரும் இருந்தவரும் ஒரே குடும்பத்தாராதல் கூடும் என்று நம்ப விழைந்த ஒருவரின் கனவு அது. இரண்டே ஆண்டுகளில் அக்கனவு இரத்த வெள்ளத்தில் மூழ்கிற்று.

அந்த 1947-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது ஏலான். முஸ்லிம் குடும்பமொன்றில் செல்வச் செருக்கால் கெட்டுப்போன ஒருவனையும், வறுமையிலும் கல்வியை நாடும் மற்றொருவனையும் எதிரெதிரே நிறுத்தி, கல்வியின்மையே தம் சமூகத்தின் பெருநோய் என்று மெஹபூப் அதில் எடுத்துரைத்தார். இறுதியில் கதாநாயகி தன் மாளிகையையே பள்ளிக்கூடமாக்குகின்றாள். பிறர் தம்மவரைத் தூற்றும் காலத்தில் தம்மவரின் குறையைத் தாமே எடுத்துக் கூறுதற்குத் துணிவு வேண்டும். தாம் கல்லாதவராயிருந்து கல்வியின் அருமையை உணர்ந்தவராதலின் மெஹபூபுக்கு அத்துணிவு இருந்தது.

நாடு பிரிந்தபோது படத்தொழிலைச் சேர்ந்தோர் பலர் பாகிஸ்தான் சென்றனர். முந்தின ஆண்டில் அவருடைய அன்மோல் கடீ படத்தில் பாடி நடித்துப் பெரும் புகழ் பெற்ற நூர்ஜஹானும் அவ்வாறு சென்றார். மெஹபூப் பம்பாயிலேயே தங்கினார். 1949-இல் அந்தாஸ், 1952-இல் வண்ணப் படமாகிய ஆன், 1954-இல் அமர் என அவர் படங்கள் தொடர்ந்தன. ஆன் தமிழ்ப் பேச்சுடன் நம் நாட்டிலும் உலவிற்று. 1954-இல் பம்பாய் பாந்திராவில் தம் பெயரால் பெரியதொரு ஸ்டூடியோவையும் நிறுவினார்.

அவர் வாழ்வின் சிகரம் 1957-இல் வெளிவந்த மதர் இந்தியா. ஒளரத் கதையையே அவர் புதிதாக, வண்ணத்தில், விரிவாக எடுத்தார். கடன்பட்ட உழவர் குடும்பத்து ராதா என்னும் தாய், கணவனை இழந்து, ஏரைத் தானே இழுத்து, மக்களை வளர்க்கின்றாள். இளைய மகன் கொள்ளைக்காரனாகி, வட்டிக் கடைக்காரனின் மகளைத் தூக்கிச் செல்ல முற்படும்போது, ஊரின் மானங் காக்கத் தன் மகனைத் தானே சுட்டு வீழ்த்துகின்றாள். ராதாவாக நடித்தவர் முஸ்லிம் தாயாரிடம் வளர்ந்த நர்கிஸ். இசையமைத்தவர் லக்னோவின் நௌஷாத். காமெரா பிடித்தவர் பார்ஸியாகிய பரிதூன் இரானி. இளைய மகனாக நடித்தவர் ஹிந்துவாகிய சுனில் தத். 1958-இல் அமெரிக்க ஆஸ்கார் பரிசுக்கு, பிற மொழிப் படங்களின் வரிசையில் அது எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்தியப் படமொன்று அவ்வரிசையில் இடம் பெற்றது அதுவே முதன்முறை.

முஸ்லிமாகிய மெஹபூப், ஹிந்து உழவர் வீட்டின் அடுப்பையும், தாலியையும், ஏர்மாட்டையும், ஹோலிப் பண்டிகையையும் காட்டியபோது அவற்றில் ஏளனமோ அயன்மையோ காணப்படவில்லை. உள்ளிருந்து பார்ப்பவரின் பரிவே காணப்பட்டது. நஜ்மாவில் தம் வீட்டுக் கதவைத் திறந்து பிறரை உள்ளே அழைத்தவர், மதர் இந்தியாவில் பிறர் வீட்டினுள் மரியாதையோடு நுழைந்தார். நடுவுநிலையான சித்திரத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.

அவரிடம் குறையில்லை என்று கூறுவேனல்லேன். அவர் காட்டிய முஸ்லிம் இல்லங்கள் பெரும்பாலும் மாளிகைகள். நவாபும், ஷெர்வானியும், கவிதை கலந்த உருதுவுமே முஸ்லிம் வாழ்வு என்னும் எண்ணம் வேரூன்றியதில் அவருக்கும் பங்குண்டு. நெசவாளியும், வண்டிக்காரரும், நம் கோவளத்து மீன் வியாபாரியும் அம்மாளிகைகளில் இடம் பெறவில்லை. மதர் இந்தியாவில் உழவனுக்கு அளித்த இடத்தை ஏழை முஸ்லிமுக்கும் அவர் அளித்திருப்பாராயின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

1962-இல் ஸன் ஆப் இந்தியா என்ற அவருடைய கடைசிப் படம் வெளிவந்தது. அது வெற்றி பெறவில்லை. 1963-இல் அரசாங்கத்தார் பத்மஸ்ரீ விருதளித்தனர். 1964-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு காலமானார். மறுநாளாகிய 28-ஆம் நாள், 56 வயது நிரம்பிய மெஹபூப் கானும் இவ்வுலகை நீத்தார். நாடு முழுதும் ஒரு பெருந்துயரில் ஆழ்ந்திருந்தமையால் அவர் மறைவு அதனுள் மறைந்தது.

அவர் காட்டிய வழியிற் பின்னர் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வேன். 1960-இல் வெளிவந்த செளத்வீன் கா சாந்த், 1963-இல் மேரே மெஹபூப், 1972-இல் பாகீஸா என அவர் வளர்த்த வகை சில காலம் பொலிந்தது. ஆயின் அதில் வீடு சுருங்கி, பாட்டும் கஜலும் அலங்காரமும் பெருகின. பின்னர் முஸ்லிம் பாத்திரம் கதாநாயகனின் உண்மைத் தோழனாகச் சுருங்கிற்று. 1973-இல் ஜஞ்ஜீர் படத்தில் பிராண் நடித்த பட்டாணியர் ஷேர் கான் அதற்குச் சான்று. அதே ஆண்டில் எம். எஸ். ஸத்யு எடுத்த கரம் ஹவா, பிரிவினைக்குப்பின் ஆக்ராவில் தங்கிவிட்ட செருப்பு வியாபாரி ஒருவரின் குடும்பத்தைக் காட்டி, மெஹபூப் விட்ட குறையை நிறைவு செய்தது. நம் தமிழிலும் 1961-இல் வெளிவந்த பாவ மன்னிப்பில், முஸ்லிமாக வளர்ந்த ரஹீமைச் சிவாஜி கணேசன் நம் வீட்டுப் பிள்ளையாக்கினார். 1992-இல் வந்த ரோஜா முதல், தமிழிலும் ஹிந்தியிலும் துப்பாக்கி ஏந்திய முஸ்லிம் என்னும் உருவம் பெருகலாயிற்று. பயங்கரவாதம் உண்மை, அதனைக் காட்டுதல் குற்றமன்று. தொழுகை, தாடி, தொப்பி ஆகியவற்றையே அதன் அடையாளமாக்கி, அவற்றையுடைய வேறொருவரையும் காட்டாது விடுதலே குற்றம்.

மாணவ நண்பர்காள்! சித்திரத்தைத் தீட்டுவோரை நாம் தடுத்தல் இயலாது. ஆனால் சித்திரத்தையும் மனிதரையும் ஒப்பிட்டு நோக்கும் கண் நம்முடையது. படமாளிகையினின்று வெளிவந்ததும், அதில் கண்ட மக்களுள் ஒருவரையேனும் நேரில் அறிவோமா என்று நம்மை நாமே வினவுதல் நன்று. அறியோமாயின், படத்தின்மீது கொண்ட முடிவைச் சிறிது தள்ளி வைப்போமாக.

யான் மறுநாள் கோவளம் சென்றேன். நண்பரின் தந்தையார் வாசலிலேயே நின்று வரவேற்றார். பாய் விரித்து எல்லோரும் ஒருங்கமர்ந்து உண்டோம். அன்னையார் எனக்கென்று தனியே ரசம் வைத்திருந்தார். கடலின் நிலையும், மீன் விலையும், தங்கையின் பரீட்சையும், சாலை விரிவுக்கு எடுக்கப்பட்ட நிலத்துக்கு வரவேண்டிய பணமும் பேசப்பட்டன. முந்திய நாள் பார்த்த படத்தைப்பற்றி எவரும் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. திரும்பும்போது, நஜ்மாவைப் பார்த்துவிட்டு எண்பது ஆண்டுகட்கு முன் தம் வீடு நோக்கி நடந்த முகமறியாத மக்கள் பலரை நினைத்துக்கொண்டேன்.